டெக்சாஸ் கேபிட்டலைச் சுற்றிப் பார்ப்பது எப்படி: கல், ஓவியம், வரலாறு

ஆஸ்டின் நகரில் இருக்கும் டெக்சாஸ் மாநிலச் சட்டமன்றக் கட்டடமான கேபிட்டலுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் நேராக உள்ளே போய், குவிமாடத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து ஒரு படம் எடுத்துவிட்டு, இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். அந்த மாநிலம் எப்படி உருவானது, யார் உழைப்பில் எழுந்தது, எதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது, எதை வெகுகாலம் சொல்லாமல் விட்டது என்பதெல்லாம் இந்தக் கட்டடத்தின் கல்லிலும் தரையிலும் கதவுக் கீலிலும் இருக்கிறது. அதைப் படிக்க வரிசை முக்கியம். முதலில் வெளிப்புறம், அடுத்து தெற்கு முகப்பு மண்டபம், அதன் பிறகே நடு மண்டபம். இந்த வரிசையில் போனால் ஒவ்வொன்றும் அடுத்ததை விளக்கும்.

எப்போது போவது

கட்டடம் வார நாட்களில் காலை 7 மணிக்குத் திறக்கிறது, சனி ஞாயிறுகளில் 9 மணிக்கு. நுழைவுக் கட்டணம் கிடையாது. வழிகாட்டியோடு போகும் சுற்றும் இலவசம்தான். அது தெற்கு முகப்பு மண்டபத்தில் தொடங்கும், அரை மணி முதல் முக்கால் மணி வரை நடக்கும். கட்டடம் இரவு வரை திறந்திருந்தாலும் வழிகாட்டிச் சுற்றுகள் பிற்பகலிலேயே முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவை இருக்காது. மாலை ஐந்து மணிக்குப் போய் வழிகாட்டியைத் தேடி ஏமாறுபவர்கள் நிறையப் பேர். பெரிய குழுவாகப் போனால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

எந்த ஆண்டு, எந்த மாதம் என்பதும் கணக்கில் வரும். டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும் வழக்கமாகக் கூடும். ஜனவரி இரண்டாவது செவ்வாய்க்கிழமை தொடங்கி அதிகபட்சம் 140 நாட்கள். அதாவது மே இறுதியோடு முடிந்துவிடும். இந்தக் காலத்தில் போனால் மூன்றாம் தளப் பார்வையாளர் மாடத்திலிருந்து விவாதத்தை நேரில் பார்க்கலாம். ஆனால் மின்தூக்கிகள் நிரம்பி வழியும், நடு மண்டபத்தில் பேரணியோ பள்ளிப் பிள்ளைகளோ இருப்பார்கள், ஓவியத்தின் முன் நிம்மதியாக நிற்க முடியாது. கலைக்காகவும் கட்டடக் கலைக்காகவும் போகிறவர்கள் இரட்டைப்படை ஆண்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வார நாளில் காலை எட்டு மணிக்குள் உள்ளே இருந்தால் நடு மண்டபமே உங்களுக்குச் சொந்தம். ஆளுநர் சிறப்புக் கூட்டத்தொடர் கூட்டினால் இந்தக் கணக்கு மாறும், ஆகவே கிளம்பும் முன் ஒருமுறை சரிபாருங்கள்.

மொத்தமாக மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். காரை வளாகத்துக்குக் கிழக்கே சான் ஹசிந்தோ பூலவார்டில் உள்ள பார்வையாளர் வாகன நிறுத்தத்தில் விடலாம். முதல் இரண்டு மணி நேரம் இலவசம், மிச்சத்துக்குச் சிறு தொகை. தெருவோர மீட்டரை நம்பிப் போனால் பாதியில் ஓடி வர வேண்டியிருக்கும். கோடையில் ஆஸ்டின் வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும். வளாகச் சிலைகளை நடுப்பகலில் பார்க்கத் திட்டமிடாதீர்கள். வாசலில் விமான நிலையத்தில் இருப்பதுபோல உலோகச் சோதனை உண்டு.

வெளியே அரை மணி நேரம்

காங்கிரஸ் அவென்யூவின் வட கோடியில், 11-ஆம் தெரு வாசலில் தொடங்குங்கள். கட்டடத்தைச் சுற்றி நட்சத்திர முனைகளோடு இரும்பு வேலி ஓடும். 1890-களில் ஆடுமாடுகள் புல்தரையில் மேயாமல் இருக்கப் போட்ட வேலி அது. உள்ளே கறுப்பும் வெள்ளையுமாக வைர வடிவக் கற்கள் பதித்த அகலமான நடைபாதை வாசல்வரை போகும். பாதி தூரத்தில் நின்று கட்டடத்தைப் பாருங்கள்.

அந்தச் சிவப்பு நிறத்துக்கு ஒரு கதை இருக்கிறது. முதலில் ஆஸ்டினுக்கு அருகே ஓட்மன்வில் என்ற இடத்திலிருந்து சுண்ணாம்புக் கல் கொண்டுவந்தார்கள். அந்தக் கல்லில் இருந்த இரும்புத் தாது காற்றும் ஈரமும் பட்டதும் துருப்பிடித்துக் கறை கறையாக வழிந்தது. வெளிச்சுவருக்கு அது உதவாது என்று ஆனதும் வேறு மாநிலத்துக் கல் பேச்சுக்கு வந்தது. ஆளுநர் ஜான் அயர்லாந்து டெக்சாஸ் கல்தான் வேண்டும் என்று நின்றார். மார்பிள் ஃபால்ஸ் ஊருக்கு அருகே கிரானைட் மவுண்டன் என்ற குன்றின் உரிமையாளர்கள் கல்லை இலவசமாகவே கொடுத்தார்கள். கிரானைட்டைச் செதுக்குவது சுண்ணாம்புக் கல்லைச் செதுக்குவதைவிடப் பல மடங்கு கடினம். அதனால் முகப்பின் அலங்கார வேலைகளைக் குறைத்து வடிவத்தை எளிமையாக்கினார்கள். சுவர் அருகே போய்ப் பாருங்கள்: செதுக்கு வேலை குறைவு, பெரிய கற்களின் எடையும் விளிம்புமே அழகு.

கல்லை உடைத்தவர்கள் சிறைக் கைதிகள். மாநிலமே அவர்களை ஒப்பந்தக்காரருக்கு வாடகைக்கு விட்டது. இதை எதிர்த்து அமெரிக்கக் கிரானைட் கல் தச்சர் சங்கம் வேலையைப் புறக்கணித்தது. ஒப்பந்தக்காரர் தரப்பு ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரிலிருந்து தச்சர்களை வரவழைத்தது. 62 பேர் டெக்சாஸ் வந்து சேர்ந்தார்கள். வெளிநாட்டுத் தொழிலாளரை ஒப்பந்தம் போட்டு அழைத்து வரக் கூடாது என்று 1885-இல் அமெரிக்கா சட்டம் போட்டிருந்ததால், இதற்காக அபராதமும் விழுந்தது. வழிகாட்டிச் சுற்றில் நேரம் குறைவாக இருந்தால் இந்தப் பகுதி விடுபட்டுப் போகும். நீங்களே கேளுங்கள்.

செலவைச் சமாளித்த விதமும் விசித்திரமானது. மாநிலத்திடம் பணம் இல்லை, நிலம் இருந்தது. 1876 அரசமைப்புச் சட்டமே இதற்காக நிலம் ஒதுக்க வழி செய்தது. வடமேற்கு மூலையில் 30 லட்சம் ஏக்கரைச் சிகாகோ முதலீட்டாளர் குழு ஒன்றுக்குக் கொடுத்து, பதிலுக்குக் கட்டடத்தை வாங்கிக்கொண்டார்கள். அந்த நிலம்தான் பிறகு எக்ஸ்ஐடி என்ற பெயரில் மாபெரும் கால்நடைப் பண்ணையானது. பழைய கேபிட்டல் 1881 நவம்பரில் எரிந்துபோனது. புதியதற்கு 1885 மார்ச் 2 அன்று அடிக்கல் நாட்டி 1888 மே மாதம் திறப்பு விழா நடத்தினார்கள். திறந்தபோது செப்புக் கூரை ஒழுகியது. அதைச் சரிசெய்யும்வரை மாநிலம் கட்டடத்தை ஏற்றுக்கொள்ளவில்லை.

இப்போது மேலே பாருங்கள். சுவர்வரைதான் கல். குவிமாடம் உலோகம். கிரானைட் நிறத்தில் சாயம் பூசியிருப்பதால் தூரத்தில் தெரியாது. கல் முடிந்து உலோகம் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சின்ன இருகண் நோக்கி ஒன்று இருந்தால் போதும். உச்சியில் சுதந்திர தேவி: இடக் கையில் உயர்த்திய பொன்முலாம் நட்சத்திரம், வலக் கையில் தாழ்த்திய வாள். 1888-இல் வைத்த துத்தநாகச் சிலை காலப்போக்கில் சிதைந்ததால், 1986-இல் அலுமினியத்தில் வார்த்த புதிய சிலையை ஹெலிகாப்டரில் தூக்கி வைத்தார்கள். சிலையோடு சேர்த்து மொத்த உயரம் சுமார் 302 அடி. வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்றக் கட்டடத்தைவிட 14 அடி அதிகம். வடிவமைத்தவர் இலைஜா மயர்ஸ். மிச்சிகன், கொலராடோ மாநிலக் கட்டடங்களும் இவருடையவை. இங்கே வேலை முடியும் முன்பே 1886-இல் நீக்கப்பட்டார்.

தெற்கு முகப்பு மண்டபம்

உள்ளே நுழைந்ததும் கூட்டம் உங்களை நடு மண்டபத்துக்கு இழுக்கும். இழுபடாதீர்கள். இந்தச் சிறிய மண்டபத்தில் கால் மணி நேரம் செலவழிக்கத் தகுந்த நான்கு பொருட்கள் இருக்கின்றன.

இரண்டு சலவைக்கல் சிலைகள்: டெக்சாஸ் படைத் தளபதி சாம் ஹூஸ்டன், ஸ்டீஃபன் ஆஸ்டின். செதுக்கியவர் எலிசபெத் நெய், 1833-இல் ஜெர்மனியின் மியூன்ஸ்டரில் பிறந்து டெக்சாஸில் குடியேறிய பெண் சிற்பி. 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்காகத் தொடங்கிய வேலை, சலவைக்கல்லில் இங்கே வந்து நின்றது 1903-இல். இருவரையும் ஆளுயரத்தில் செய்திருப்பதால் ஹூஸ்டன் உயரமாகவும் ஆஸ்டின் குட்டையாகவும் தெரிவார்கள். ஆஸ்டின் கையில் துப்பாக்கியும் நிலப்படச் சுருளும் இருப்பதைக் கவனியுங்கள். ஐக்கிய அமெரிக்காவிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து இங்கே குடியமர்த்தியவர் அவர்.

சுவரில் வில்லியம் ஹென்றி ஹடில் வரைந்த இரண்டு பெரிய ஓவியங்கள். ஒன்று 1889-இல் வரைந்தது: மெக்சிகோ படை 1836-இல் வீழ்த்திய அலமோ கோட்டையில் மடிந்த டேவி கிராக்கெட்டின் முழு உருவம். மற்றது 1886-இல் வரைந்த சாண்டா அன்னாவின் சரணடைவு. இதன் முன் நிதானமாக நில்லுங்கள். டெக்சாஸ் மெக்சிகோவிலிருந்து பிரிந்துபோக வழி செய்தது, 1836 ஏப்ரல் 21 அன்று சான் ஹசிந்தோவில் நடந்த போர். அது பதினெட்டு நிமிடத்தில் முடிந்ததாகச் சொல்வார்கள். மறுநாள் காட்சி இது. மரத்தடியில் கணுக்காலில் காயத்தோடு படுத்திருப்பவர் ஹூஸ்டன். எதிரே வெள்ளைக் காற்சட்டையில், சாதாரண சிப்பாய் உடையில் நிற்பவர்தான் மெக்சிகோவின் தலைவர் சாண்டா அன்னா. தப்பிக்கப் போட்ட வேடம் அது. வலப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்திருப்பார். காது சரியாகக் கேட்காத உளவாளி இராஸ்டஸ் ஸ்மித். அங்கே கூடியிருக்கும் முகங்களில் பலவும் உண்மையான ஆட்களுடையவை. நேர் எதிரே நின்றால் வார்னிஷில் விளக்கு பளிச்சிடும். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து, சற்றுச் சாய்வாகப் பார்த்தால் முகங்கள் தெளியும். படம் எடுக்கவும் அதுவே வழி.

கீழே மொசைக் தரையில் டெக்சாஸ் மண்ணில் நடந்த 12 போர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றின்மேலேயே நடந்து போகிறோம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நடு மண்டபம்

வட்ட மண்டபத்தின் தரையில் ஆறு முத்திரைகள்: ஸ்பெயின், பிரான்ஸ், மெக்சிகோ, டெக்சாஸ் குடியரசு (1836 முதல் 1845 வரை தனி நாடு), தென் மாநிலக் கூட்டமைப்பு (உள்நாட்டுப் போரின்போது பிரிந்துபோன மாநிலங்கள்), ஐக்கிய அமெரிக்கா. இந்த மண்ணை ஆண்ட ஆறு அரசுகள் என்பது கணக்கு. நடுவில் இருப்பது குடியரசின் நட்சத்திரம். இந்த மொசைக் தரை 1888-இல் போட்டதல்ல, டெக்சாஸ் விடுதலையின் நூற்றாண்டை ஒட்டி 1936-இல் போட்டது. ஆகவே அதில் இருப்பது 1936-இல் டெக்சாஸ் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதை. அங்கே ஆயிரமாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த கொமாஞ்சி, கேடோ போன்ற பூர்வகுடிகளுக்கு முத்திரை இல்லை.

நட்சத்திரத்தின் நட்டநடுவில் நின்று மெல்லப் பேசுங்கள், உங்கள் குரல் மேலிருந்து திரும்பி வரும். ஓரடி தள்ளி நின்றால் அந்த விளைவு மங்கிவிடும். மேலே கூரையில் தெரியும் நட்சத்திரம் உள்ளங்கை அளவு போலத் தோன்றும், உண்மையில் அது 8 அடி அகலம். தரையிலிருந்து 218 அடி உயரத்தில் இருப்பதால் அப்படி. அதைச் சுற்றி டெக்சாஸ் என்ற பெயரின் ஐந்து எழுத்துகள் இருக்கும்.

குவிமாடத்தைப் படம் எடுப்பதில் இரண்டு தவறு நடக்கும். கையில் பிடித்து எடுத்தால் வட்டங்கள் ஒருபக்கம் சரிந்துவிடும். அதற்குப் பதில் போனின் முன்பக்கக் கேமரா மேலே பார்க்கும்படி தரை நட்சத்திரத்தின் நடுவில் வைத்து, பத்து விநாடி டைமர் கொடுத்து விலகி நில்லுங்கள். அடுத்து, கூரைப் பகுதி வெளுத்துப் போகும். திரையில் நட்சத்திரத்தின்மேல் விரலால் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு எடுங்கள்.

சுற்றுச்சுவரில் டெக்சாஸ் குடியரசின் தலைவர்கள், மாநில ஆளுநர்களின் உருவப்படங்கள். மிக அண்மையில் பதவி முடித்தவரின் படம் கீழ்த் தளத்தில் இருக்கும். புதிய படம் வரும்போதெல்லாம் மற்ற எல்லாப் படங்களையும் ஒவ்வொரு இடம் நகர்த்துவார்கள். அதனால் மேலே ஏற ஏறக் காலம் பின்னால் போகும். மின்தூக்கியில் போனால் இது தவறிவிடும், படிக்கட்டில் ஏறுங்கள். பெண் ஆளுநர்கள் இருவர்தான்: மிரியம் ஃபெர்குசன், ஆன் ரிச்சர்ட்ஸ். தேடிப் பாருங்கள்.

இரண்டாம், மூன்றாம் தளங்கள்

இரண்டாம் தளத்தில் கிழக்கே செனட், மேற்கே பிரதிநிதிகள் அவை. 31 பேர் செனட்டில், 150 பேர் அவையில். கூட்டம் நடக்காத நாளில் கதவு திறந்திருந்தால் உள்ளே எட்டிப் பார்க்கலாம். பூட்டியிருந்தால் திரும்பிவிடாமல் மூன்றாம் தள மாடத்தை முயன்று பாருங்கள். மாடத்தில் உட்கார்ந்தால் பேசக் கூடாது, பதாகை காட்டக் கூடாது.

செனட்டில் ஹென்றி மெக்கார்டிலின் இரண்டு பெரிய போர் ஓவியங்கள் இருக்கின்றன. 1895-இல் முடித்த சான் ஹசிந்தோ போர், 1905-இல் முடித்த அலமோ விடியல். அலமோ ஓவியத்தை அவர் முதலில் வரைந்த வடிவம் 1881 தீயில் பழைய கட்டடத்தோடு போனது. இப்போது இருப்பது அவர் மறுபடி வரைந்தது. மெக்கார்டில் ஒரு ஓவியத்தில் அடைக்க முடிந்ததையெல்லாம் அடைப்பவர். ஓர் மூலையைத் தேர்ந்தெடுத்து அங்கிருந்து கண்ணை நகர்த்துங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் பிடிபடாது. ஹடிலின் அமைதியான சரணடைவுக் காட்சியே சிறந்த ஓவியம் என்பது எங்கள் தீர்ப்பு. இதே அறையில் பார்பரா ஜோர்டனின் படமும் இருக்கிறது. 1966-இல் டெக்சாஸ் செனட்டுக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் அவர்.

இரு அவைகளிலும் தொங்கும் பித்தளைச் சரவிளக்குகளைக் கவனியுங்கள். நட்சத்திர முனைகளில் உள்ள பல்புகளைச் சேர்த்துப் படித்தால் மாநிலத்தின் பெயர் வரும்.

கதவுகளிடம் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பெரிய வெண்கலக் கீல்களில் டெக்சாஸ் கேபிட்டல் என்று எழுத்தைப் பொறித்தே வார்த்திருக்கிறார்கள். எழுத்தைச் சுற்றிப் பூவேலை. இந்தக் கட்டடத்துக்கென்றே செய்த கீல்கள் அவை. கதவுப் பிடிகளிலும் இந்தக் கவனம் தெரியும். சுவரின் கீழ்ப்பாதியில் ஓக், பைன், செர்ரி, வால்நட் என்று பல மரங்களில் பலகை அடித்திருக்கிறது. அதன் மொத்த நீளம் ஏழு மைல்.

மூன்றாம் தளத்தின் வடக்குப் பக்கம் பழைய உச்ச நீதிமன்ற அறை இருக்கிறது. கூட்டம் அதிகம் எட்டிப் பார்க்காத இடம். 1959 வரை நீதிமன்றம் இங்கேதான் இருந்தது.

நிலத்தடி விரிவாக்கம்

1983 பிப்ரவரி 6 அன்று துணை ஆளுநரின் குடியிருப்புப் பகுதியில் தீப்பிடித்து ஓர் இளைஞர் இறந்தார், கட்டடம் பெரும் ஆபத்திலிருந்து தப்பியது. அதன் பிறகே கட்டடத்தைப் பேணிக் காக்கும் வாரியம் ஒன்றை அமைத்து முறையாகச் சீரமைக்கத் தொடங்கினார்கள். நெரிசலுக்குத் தீர்வாக வடக்கே தரைக்குக் கீழே பாறையைக் குடைந்து 6,67,000 சதுர அடியில் விரிவாக்கம் கட்டி 1993-இல் திறந்தார்கள். மேலே கட்டியிருந்தால் வடக்கு முகப்பு மறைந்துபோயிருக்கும். உள்ளிருந்தே நடந்து போகலாம். மண்டபக் கூரையின் கண்ணாடி வழியே குவிமாடம் தெரியும். திறந்தவெளி வட்ட முற்றம் ஒன்றும் உண்டு. சாப்பிட உணவகமும் நினைவுப்பொருள் கடையும் இங்கேதான். மதியம் பன்னிரண்டு மணிக்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள்.

வளாகத்துச் சிலைகள்

22 ஏக்கர் வளாகத்தில் எல்லாச் சிலையையும் பார்க்க வேண்டியதில்லை. வைத்த ஆண்டைக் கவனித்துச் சிலவற்றை மட்டும் பாருங்கள். 1891-இல் அலமோ வீரர்கள், 1903-இல் தென் மாநிலக் கூட்டமைப்புப் படையினர். ஸ்பானிய, மெக்சிகோ வழித் தொடக்கக் குடிகளுக்கான டெஹானோ நினைவகம் வந்தது 2012-இல்தான். ஆர்மாண்டோ ஹினோஹோசா செய்தது. ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாற்று நினைவகம் 2016-இல், செய்தவர் எட் டுவைட். அடிமைத்தனம் முடிந்ததை டெக்சாஸில் அறிவித்த 1865 ஜூன் 19 அதன் நடுப்பொருள். கட்டடத்துக்குள் 1959-இல் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். உள்நாட்டுப் போருக்கு அடிமைத்தனம் காரணமல்ல என்று அது சொன்னது. 2019-இல் அதைக் கழற்றிவிட்டார்கள்.

வடமேற்கே பத்துக் கட்டளைகள் பொறித்த கிரானைட் கல் ஒன்று நிற்கிறது. 1961-இல் வைத்தது. அரசு நிலத்தில் மதச் சின்னம் இருக்கலாமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், 2005-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் இருக்கலாம் என்று தீர்ப்பானது.

தென்கிழக்கு மூலையில் உள்ள பழைய நிலப் பதிவு அலுவலகக் கட்டடம் கேபிட்டலைவிட முப்பது ஆண்டு மூத்தது. இப்போது அது பார்வையாளர் மையம். பின்னாளில் ஓ ஹென்றி என்ற பெயரில் சிறுகதை எழுதிப் புகழ்பெற்ற வில்லியம் போர்ட்டர் இங்கே நிலப்படம் வரைபவராக வேலை பார்த்தார். வடக்கே சில தெரு தள்ளி புல்லக் அருங்காட்சியகத்தில் 1888-இன் துத்தநாக தேவியைக் கிட்ட நின்று பார்க்கலாம். முகம் முரடாக இருப்பதைக் கண்டு திகைக்காதீர்கள். முந்நூறு அடி கீழே நிற்பவர் கண்ணுக்காகவே மூக்கையும் புருவத்தையும் தாடையையும் அப்படி மிகைப்படுத்திச் செய்தார்கள். அங்கே நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். வாகன நிறுத்தமும் தனி, ஆகவே கேபிட்டலில் காரை விட்டுவிட்டு நடந்தே போய்வருவது மேல்.